இளவெயில் வரை இருங்கள்

போடியில் ஒரு டீக்கடை. சாயங்கால நேரம், மேற்கே மலை கறுத்துக்கொண்டு வருகிறது. டீ வருவதற்குள் அக்கா மகள் போனை என் பக்கம் நீட்டினாள். தோழிகளோடு கொழுக்குமலைக்குப் போய் விடியக் காலையில் எடுத்த படங்கள். முந்நூறுக்குக் குறையாது.

"நேர்ல பாத்தப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா மாமா? படத்துல ஒண்ணுமே வரல. போன் சரியில்லையோ?"

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். வெளுத்துப்போன வானம், நடுவில் மஞ்சளாய் ஒரு பொட்டு, மலை இருந்த இடத்தில் கரி அப்பியது போலக் கறுப்பு. முந்நூறும் ஏறக்குறைய இதே கதைதான்.

"போன் நல்லாத்தான் இருக்கு பாப்பா. எல்லாப் படத்துலயும் சூரியன் இருக்கு. மலை எங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சூரிய உதயம்னா சூரியனைத்தானே எடுக்கணும்?" என்றாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இரண்டு டீ ஆயிற்று. அவளுக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். மலையுச்சியில் விடியலைப் பிடிக்கப் போய் வெறும் மஞ்சள் பொட்டோடு திரும்பியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கண் செய்கிற வேலை

முதலில் டீக்கடையிலேயே ஒரு சோதனை. கடைக்குள் அரை இருட்டு. வெளியே ரோட்டில் இன்னும் வெயில் மிச்சம் இருந்தது. "உள்ள இருக்கிற பாய்லரும் தெரியுதா, வெளிய நிக்கிற பஸ்ஸும் தெரியுதா?" என்றேன். இரண்டும் நன்றாகத் தெரிகிறது என்றாள். "ரெண்டும் வர்ற மாதிரி ஒரு படம் எடு."

எடுத்தாள். பாய்லர் தெரிந்தது, ரோடு வெள்ளையாகக் கரைந்துவிட்டது. திரையில் ரோட்டைத் தொட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். பஸ் தெளிவாக வந்தது, கடை இருட்டாகிவிட்டது.

நம் கண் ஒரு காட்சியை ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. பாய்லருக்குப் போகும்போது பாவை விரிகிறது, ரோட்டுக்குப் போகும்போது சுருங்குகிறது. மூளை இரண்டையும் சேர்த்துத் தைத்து ஒரே காட்சியாகக் கொடுக்கிறது. காமிரா அப்படியில்லை. ஒரு நொடியில் ஓர் அளவு வெளிச்சத்தைத்தான் அது உள்ளே விடும். வானத்துக்கும் தரைக்கும் வெளிச்ச வித்தியாசம் அதன் கொள்ளளவுக்கு மேல் போனால், ஒன்று வானம் வெளுக்கும், இல்லையென்றால் தரை கறுக்கும். மலை விடியலில் அந்த வித்தியாசம் டீக்கடையில் பார்த்ததைவிடப் பல மடங்கு. இப்போதைய போன்கள் இரண்டு மூன்று படங்களைத் தாமே எடுத்து ஒட்டிச் சமாளிக்கப் பார்க்கின்றன. சூரியன் நேரே எதிரில் இருந்தால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இன்னொரு சங்கதி. காமிராவுக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பக்கத்துப் பெஞ்சுப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, அவருடைய வெள்ளை வேட்டி திரை முழுக்க வருகிறாற்போல ஒரு படம் எடுத்தோம். அழுக்கு வேட்டி போல மங்கலாக வந்தது. அடுத்து ஒரு கறுப்புக் குடை. அது சாம்பல் பூத்து வெளிறி வந்தது. பள்ளத்தாக்கு முழுக்க வெண்பஞ்சாய்க் கிடக்கும் மேகத்தை எடுத்தால் அது ஏன் சேற்று நிறத்தில் வருகிறது என்பதற்கு இதுதான் காரணம். மேகமே படத்தை நிறைக்கிறபோது வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும். பிரகாசமான வானத்தின் நிறம் முக்கியம் என்றால் குறைக்க வேண்டும்.

போனில் இது சுலபம். நிறம் வேண்டிய இடத்தில், அதாவது சூரியனுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் வானத்தில், விரலை அழுத்திப் பிடியுங்கள். அளவு பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளுத்த வானத்தில் நிறம் திரும்பி வரும். கறுத்த இடத்தைப் பிற்பாடு ஓரளவு மீட்டுவிடலாம். முற்றிலும் வெளுத்த இடத்தில் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் வானத்தைக் காப்பாற்றிக்கொள்வது முதல் வேலை. காமிரா வைத்திருப்பவர்கள் ரா கோப்பாக எடுத்தால் மீட்கும் வசதி இன்னும் அதிகம்.

நம் ஊர் விடியலுக்கு அவசரம் அதிகம்

புகைப்படக் கலை பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவை வடக்கே, நீண்ட அந்தியுள்ள நாடுகளில் எழுதப்பட்டவை. சூரியன் வந்து ஒரு மணி நேரம் தங்கமாய் வெளிச்சம் கிடைக்கும் என்று அவற்றில் இருக்கும். அதை நம்பி நம் மலைகளில் நின்றால் பாதியைத் தவறவிடுவோம்.

கொழுக்குமலை வடக்கு அட்சரேகை 10 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகிறது. நான்கு நிமிடம், நாலரை நிமிடத்துக்கு ஒரு பாகை. சூரிய வட்டம் அரைப் பாகை அகலம். விளிம்பு தெரிந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சூரியன் தொடுவானத்துக்கு ஆறு பாகை கீழே இருக்கும்போது தொடங்கும் விடியல் வெளிச்சம் உதயத்தில் முடிய இங்கே இருபத்தைந்து நிமிடம்கூட ஆவதில்லை. லண்டனில் ஜூன் மாதம் அதே வெளிச்சம் முக்கால் மணி நேரம் நீள்கிறது. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் ஜூன் பின்பாதியில் சூரியன் மறைந்த பிறகும் இரவு முழுவதும் அந்த வெளிச்சம் அணைவதே இல்லை.

நமக்கு வேறொரு செல்வம் இருக்கிறது. இந்தக் குறுகிய பொழுதின் ஒவ்வொரு படிக்கும் தமிழில் பேர் உண்டு. கருக்கல், கிழக்கு வெளுப்பு, உதயம், இளவெயில். இந்த நாலும் நாலு வகைப் படம். பாப்பா எடுத்த முந்நூறில் ஏறக்குறைய எல்லாமே மூன்றாவது படியில் எடுத்தவை. அதாவது நாலில் எடுக்கக் கடினமானதும் ஆயுசு குறைந்ததுமான படியில்.

கருக்கல்

வண்டியில் போவதென்றால் கொழுக்குமலைக்கு ஜீப்பில்தான் ஏற முடியும். அங்குள்ள தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து போகிறது. சுமார் 12 கி.மீ., பெரும்பகுதி கல்லும் பள்ளமும். தை மாதத்தில் சமவெளியில் ஆறே முக்கால் வாக்கில் சூரியன் உதிக்கும். நாலு, நாலரைக்குக் கிளம்பினால்தான் கருக்கலில் மேலே நிற்கலாம். ஐந்தே முக்காலுக்கு இடம் பிடித்து நிற்பவர்களுக்கே முதல் படி கிடைக்கும்.

இந்த நேரத்தில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கிறது. மேலே உச்சி வானத்தில் ஆழ்ந்த நீலம். பகலில் வானம் நீலமாக இருப்பதற்குக் காற்று மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பது காரணம். 1871-ல் ராலே பிரபு இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். விடியல் நீலத்துக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. சாய்வாக நெடுந்தூரம் வரும் ஒளியில் மஞ்சளையும் ஆரஞ்சையும் மேலே இருக்கிற ஓசோன் படலம் உறிஞ்சிக்கொள்கிறது. 1953-ல் எட்வர்டு ஹல்பர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி விளக்கிச் சொன்னது இது. பகல் நீலத்துக்கும் கருக்கல் நீலத்துக்கும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு மறக்காது.

கருக்கலில் எடுக்க வேண்டியவை மலைகளின் கோடுகள். ஒன்றன் பின் ஒன்றாய் நிற்கும் தொடர்களில் பக்கத்து மலை கறுப்பு, அடுத்தது கருநீலம், அதற்கு அடுத்தது வெளிர்நீலம் என்று படிப்படியாய் மங்கிக்கொண்டே போகும். நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் காற்றின் அளவு கூடக் கூட இந்த மங்கலும் கூடும். தூரத்தை மட்டும் இழுத்துக் காட்டும் பெரிய லென்ஸ் இருந்தால் இந்த அடுக்குகள் புடவை மடிப்பு போல நெருங்கி வரும். போனில் தொலைநோக்கு லென்ஸ் தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனால் படம் பொரிந்துவிடும்.

வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8 என்று வைத்தால் இரண்டு விநாடி, நாலு விநாடி ஆகும். கையில் பிடித்தால் ஆடாமல் இருக்காது. ட்ரைபாட் வேண்டும். அது இல்லையென்றால் பையைப் பாறைமேல் வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்து, மூன்று விநாடி டைமரில் விடுங்கள். பொத்தானை அழுத்தும் விரலின் அசைவுகூட இந்த நேரத்தில் படத்தைக் கெடுத்துவிடும்.

கிழக்கு வெளுப்பு

உதயத்துக்குப் பதினைந்து, இருபது நிமிடம் முன்பு கிழக்கே அடியில் ஆரஞ்சு கோடு போடும். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நிற்பார்கள். அந்த நேரத்தில் தயவுசெய்து ஒருமுறை மேற்கே பாருங்கள்.

மேற்கு வானத்தின் அடியில் சாம்பல் நீலமாய் ஒரு பட்டை. அதற்கு மேலே இளஞ்சிவப்பாய் இன்னொரு பட்டை. கீழே இருக்கும் நீலப் பட்டை பூமியின் நிழல். நாம் நிற்கும் இந்த உருண்டை தன் நிழலை வளிமண்டலத்தின் மீது போட்டுக் காட்டுகிறது. சூரியன் ஏற ஏற அந்த நிழல் இறங்கிக்கொண்டே போய் மறைந்துவிடும். மீசைப்புலிமலை 2,640 மீட்டர் உயரம். கொழுக்குமலைக்கு மேற்கும் வடக்குமாக நிற்கிறது. அதன் முதுகுக்கு மேலே இந்த இரண்டு பட்டையும் வந்து உட்காரும் படம் கிழக்கே எடுக்கும் எந்தப் படத்துக்கும் குறைந்ததில்லை. வெளிச்ச வித்தியாசமும் இந்தப் பக்கம் குறைவு. சாதாரணப் போனே அழகாக எடுத்துக்கொடுக்கும்.

இலங்கையில் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களுக்கு மேற்கே திரும்பிப் பார்ப்பது பழக்கமான விஷயம். 2,243 மீட்டர் உச்சியில் உதயத்தை வணங்கிவிட்டு, அப்படியே மேற்குப் பக்கம் திரும்பி மலையின் நிழலைப் பார்ப்பார்கள். கூர்மையான முக்கோணமாய் அது மூடுபனிமேல் நீண்டு கிடக்கும். மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் முக்கோணம் என்று தோன்றும். உண்மையில் எந்த வடிவ மலையாக இருந்தாலும் உச்சியிலிருந்து பார்த்தால் நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். நேர் ரோட்டின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒன்றாய்ச் சேர்வது போல, மைல் கணக்கில் நீளும் நிழலின் இரண்டு ஓரமும் கண்ணுக்கு ஒரு புள்ளியில் சேர்கின்றன. அந்த நிழல் நீண்டு கிடக்கும் நேரமும் கொஞ்சம்தான்.

இந்தப் படியில் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. காமிராவில் வைட் பேலன்ஸ் தானாக மாறும்படி இருந்தால், இவ்வளவு ஆரஞ்சு ஏதோ தவறு என்று நினைத்து அது நிறத்தைக் கழுவிவிடும். குழல்விளக்கு, குண்டு பல்பு வெளிச்சங்களைச் சரிசெய்வதற்காக வந்த ஏற்பாடு அது. விடியலில் அதை வெயில் குறிக்கு மாற்றிப் பூட்டுங்கள். வானம் கொடுத்த நிறம் அப்படியே இருக்கும்.

உதயம்

உயரத்தில் நிற்பவர்களுக்குச் சூரியன் முந்தி வரும். கிழக்கே தடையில்லாத தொடுவானம் இருந்தால், சமவெளியில் இருப்பவரைவிட ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்பே சுமார் 7,900 அடி உயரத்தில் இருப்பவர் பார்த்துவிடுவார். அந்த நேரத்தில் போடிக்கு இன்னும் சூரியன் வந்திருக்காது. அதோடு, தொடுவானத்தில் முழு வட்டமாய்த் தெரியும் சூரியன் கணக்குப்படி அதற்குக் கீழேதான் இருக்கிறது. காற்று ஒளியை வளைத்துக் கொண்டுவருவதால் மேலே தெரிகிறது. வட்டம் சற்று நசுங்கித் தெரிவதும் இதனால்தான். கீழ் விளிம்பின் ஒளி மேல் விளிம்பின் ஒளியைவிட அதிகம் வளைகிறது.

இந்த இரண்டு நிமிடத்தில் சூரியனை எடுக்கத்தான் வேண்டும். எடுங்கள். ஆனால் அதை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். கொழுக்குமலையில் சிங்கப்பாறை என்றொரு பாறை, விலங்கின் முகம் போலப் பள்ளத்தைப் பார்த்துத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த வாய்க்குள்ளே சூரியன் உட்காரும் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது தற்செயலாக அமைவதில்லை. சூரியன் உதிக்கும் இடம் வருஷம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. நம் அட்சரேகையில் நேர்கிழக்கிலிருந்து தெற்கே 24 பாகை, வடக்கே 24 பாகை வரை போகும். மார்கழியில் ஆண்டிபட்டி மலைத்தொடர்ப் பக்கம் உதிக்கும் சூரியன், ஆனியில் பழனி மலைத்தொடர்ப் பக்கம் போய்விடும். தட்சிணாயனம், உத்தராயணம் என்று நம் பஞ்சாங்கம் சொல்லும் அதே போக்குதான். இன்றைக்கு உதயத் திசையை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும் செயலிகள் போனிலேயே உண்டு. முதல் நாள் மாலையே பார்த்து, எந்தப் பாறைக்குப் பின்னால் நிற்பது என்று முடிவு செய்துவிடலாம்.

வானத்தையும் தரையையும் ஒரே படத்தில் காப்பாற்ற ஃபிலிம் காலத்திலிருந்து ஒரு வழி உண்டு. மேல்பாதி கறுத்து, கீழ்ப்பாதி தெளிவாக இருக்கும் கண்ணாடி ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் பிடிப்பார்கள். கறுத்த பாதி வானத்தின் வெளிச்சத்தைக் குறைக்கும். மலை ஏறுபவராகவும் புகைப்படக்காரராகவும் இருந்த அமெரிக்கர் கேலன் ரோவல் இதைப் பெரிதும் பரப்பினார். 'மவுன்டன் லைட்' என்று 1986-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1981-ல் லாசாவில் அவர் ஒரு வானவில்லைப் பார்த்தார். அதன் கால் பொட்டாலா அரண்மனைமேல் விழ வேண்டுமானால் தான் எங்கே நிற்க வேண்டும் என்று கணித்து, 3,600 மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் ஓடிப்போய் நின்று எடுத்தார். அந்தப் படத்துக்குக் காரணமான கருவி என்று ஒன்றைச் சொன்னால், அது வெளிச்சம் எங்கே போகும் என்று தெரிந்துவைத்திருந்த அறிவுதான்.

இப்போது ஃபில்டர் இல்லாதவர்கள், ட்ரைபாடை அசைக்காமல் வானத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று, தரைக்கு ஒன்று என மூன்று படம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. பழைய வகைக் காமிராக்களில் கண் வைத்துப் பார்க்கும் துளை வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், பெரிய லென்ஸ் போட்டிருந்தால் கட்டாயம் கூடாது. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிப்பது போலக் கண்ணுக்குள் ஆகிவிடும். திரையில் பார்த்து எடுங்கள்.

இளவெயில்

சூரியன் முழுசாய் மேலே வந்ததும் ஒரு கைதட்டல். செல்ஃபி. பிறகு ஜீப் கிளம்பும் சத்தம். நான் போன ஒவ்வொரு முறையும் நடந்தது இது. மலைக்கான வெளிச்சம் அப்போதுதான் வரத் தொடங்குகிறது.

தொடுவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல முப்பத்தெட்டு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் எல்லாம் சிதறிப்போய்ச் சிவப்பும் ஆரஞ்சும் மிஞ்சுகின்றன. ஐந்து பாகை ஏறியதும் அது பத்து மடங்காகக் குறைந்துவிடும். முப்பது பாகையில் இரண்டே மடங்கு. அதாவது உதயத்திலிருந்து முதல் இருபது இருபத்தைந்து நிமிடத்துக்குள் சிவப்பு, ஆரஞ்சு, தேன், மஞ்சள் என்று நிறம் ஓடிவிடுகிறது. அந்த ஓட்டம் முழுவதும் மலையின் மேனியில் எழுதப்படும். முதலில் உச்சியில் ஒரு சிவப்புக் கோடு விழும். அது புல்வெளி வழியாக இறங்கும், பாறையைத் தொடும், கடைசியில் தேயிலைக்கு வரும்.

தேயிலைச் சரிவை அந்த நேரத்தில் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இரண்டரை அடிச் செடி, சமதரையில் நின்றால், ஐந்து பாகை வெயிலில் இருபத்தெட்டு அடி நிழல் போடும். அதனால் ஒவ்வொரு வரிசையும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாகப் பிரிந்து, சரிவு முழுக்கச் சீப்பால் வாரியது போல் தெரியும். வரிசைகளுக்கு நடுவே கவாத்து அடித்த தண்டுகளின் முடிச்சுகூடக் கண்ணில் படும். அதே சரிவைப் பத்து மணிக்கு எடுத்தால் பச்சைப் பாய் விரித்தது போலத் தட்டையாக இருக்கும். செடியும் அதே, காமிராவும் அதே. வெயிலின் சாய்வு மட்டும்தான் வேறு.

அதனால் சூரியன் வந்ததும் அதை உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம்தான் மேடு பள்ளத்தைக் காட்டும். முழுக்க முதுகுப் பக்கம் இருந்தால் நிறம் நன்றாக வரும், ஆனால் நிழல் குறையும். நேர் எதிரே இருந்தால் மூடுபனி ஒளிரும், மலை கோட்டுருவமாகும். மூன்றுக்கும் பயன் உண்டு. எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

எப்போது போவது, என்ன கொண்டுபோவது

கீழே பஞ்சுக் கடல் போல் மேகம் வேண்டுமென்றால் முன்பனிக் காலமே ஏற்றது. மார்கழியும் தையும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தரையில் ஈரம் இருக்கும். இரவு மேகமில்லாமல் வானம் திறந்திருந்தால் நிலம் தன் சூட்டை வேகமாய் இழக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவுகளில் தண்ணீர்போல வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். அதற்கு மேலே சற்றே வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்ளும். ஈரம் மூடிக்குக் கீழேயே மூடுபனியாய்த் திரளும். அந்த மூடிக்கு மேலே நாம் நிற்கிறோம். வெயில் ஏறியதும் மூடி கலையும், பனி சரிவைப் பிடித்து மேலே ஏறி வரும். காற்று பலமாக அடித்த இரவுக்கு மறுநாள் இந்தக் கடலை எதிர்பார்க்க வேண்டாம்.

கையில் ஸ்வெட்டர், குல்லா, நெற்றியில் கட்டும் டார்ச், துடைக்க ஒரு பருத்தித் துணி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியையும் போனையும் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து முடித்ததும் காமிராவைப் பைக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும். ஒருமுறை குளிர்ந்த லென்ஸோடு நேராக அடுப்படிக்குள் போய்விட்டேன். ஆவி பட்டதும் கண்ணாடி முழுக்க முத்து முத்தாய் நீர் கோத்துவிட்டது. அது காயக் காத்திருந்த பதினைந்து நிமிடத்தில் சரிவில் தேன் நிற வெயில் வந்து போய்விட்டது. பைக்குள்ளேயே வைத்து மெல்லச் சூடாகவிட்டால் இது நடக்காது.

அந்த டீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். தண்ணீர் 92 பாகை செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும். வளிமண்டலத்தின் கால்வாசி நமக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். தூசியும் புகையும் பெரும்பாலும் அந்தக் கீழ்ப் பகுதியில்தான் தங்குகின்றன. மேலே வானம் அவ்வளவு துலக்கமாக இருப்பதற்கும், அங்கே டீ சற்று மெதுவாக இறங்குவதற்கும் காரணம் ஒன்றுதான்.

காட்டு வழியாக நடந்து ஏற நினைப்பவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட வைக்க வேண்டாம். கோடையில் இந்தச் சரிவுகளின் புல் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிச் சரிவில் பற்றிய தீயில் மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்த மலையைப் படமெடுக்கப் போகிற எவரும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். பாறை விளிம்பில் பின்னோக்கி நடக்காதீர்கள். தேயிலை வரிசைக்குள் புகுந்து செடியை மிதிக்காதீர்கள். அது யாரோ ஒருவர் அன்றைக்குக் கிள்ள வேண்டிய கொழுந்து.

இரண்டாவது டீயும் முடிந்தது. பாப்பா போனில் பழைய படங்களை மறுபடி தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றாள். ஜீப் ஏறும்போது யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பியபோது கைதவறி எடுபட்ட படம். சூரியன் அதில் இல்லை. ஒரு தேயிலைச் சரிவும், அதன்மேல் சாய்ந்த வெயிலும், தூரத்தில் கூடை சுமந்து வரிசையாய்ப் போகும் மூன்று பெண்களும் இருந்தார்கள். முந்நூறில் அதுதான் படம் என்றேன். அவளுக்கும் அது தெரிந்துவிட்டது.

மலைக்குப் போகிற எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சூரியனைப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடாதீர்கள். ஜீப் ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். இன்னும் அரைமணி நேரம் இருங்கள், மலைப் பக்கம் திரும்பி நில்லுங்கள். இளவெயில் அங்கேதான் விழுகிறது.